ஓலையில் வாசித்த எண்

தூத்துக்குடியில் விடிந்தும் விடியாததுமாகத் தெருவில் இறங்குகிற வெளியூர்க்காரன் பயந்துதான் போவான். கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக நடந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரையும் ஒரு அம்மாவோ அண்ணனோ பெண்டாட்டியோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஏதோ கொள்ளை நோய் வந்து ஊருக்கே பார்வை போய்விட்டது என்று அவன் நினைத்தால் அது அவன் தப்பில்லை. ஆனால் அத்தனையும் நல்ல கண்கள். விழி மையம் என்கிற அளவு நிலையத்துக்குப் போகிற கண்கள்.

விஷயம் இதுதான். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதே, அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. வெளிக்காற்றில்தான் மூச்சு விடுகிறது. ராத்திரி முழுக்க இமை மூடிக் கிடந்தால் காற்று போதாமல் கொஞ்சம் தண்ணீரை இழுத்து ஊதிக்கொள்ளும். விழித்து எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்துப் பேப்பர் பார்த்து முடிப்பதற்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே படலத்தின் தடிமன் எண் கூடுதலாக வேண்டும் என்கிறவர்கள் எழுந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். படுக்கும்போதே துணி கட்டிப் படுத்து, அப்படியே நடந்து, மையத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். பத்துப் பதினைந்து மைக்ரான் லாபம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கிழித்தால் அதில் ஒரு கிழிசல்தான் ஒரு மைக்ரான். அதற்காகத்தான் இந்தக் குருட்டு நடை.

யார் ஆரம்பித்தது? காப்பீட்டுக் கம்பெனிகள்தான், வேறு யார்? கோடிக்கணக்கான பேரின் கண் அளவையும் அவர்கள் செத்த வயதையும் ஒரு கணினிக்குள் போட்டுக் கலக்கினார்களாம். படலம் தடிமனாக இருக்கிறவர்களுக்கு இதயமும் சிறுநீரகமும் நரம்பும் கொஞ்சம் பிந்தித்தான் கெடுகிறது என்று அது சொல்லிவிட்டதாம். ரத்தம் எடுக்க வேண்டாம், ஊசி குத்த வேண்டாம், ஒரு நிமிஷத்தில் ஒரு எண். விடுவார்களா? ஐந்நூற்று நாற்பதுக்கு மேலே இருந்தால் மருத்துவக் காப்பீடு, கீழே இருந்தால் கிடையாது. கல்யாணமான ஜோடியில் ஒருத்தர் குறைந்தாலும் இரண்டு பேருக்கும் கிடையாது. காப்பீட்டு அட்டை இல்லாதவனை எந்தப் பெரிய ஆஸ்பத்திரி உள்ளே விடும்? மாப்பிள்ளை என்ன சம்பாதிக்கிறான் என்று கேட்ட வாய்களெல்லாம் எத்தனை மைக்ரான் என்று கேட்கத் தொடங்கியது அப்படித்தான்.

பிலோமினா அன்று காலையில் தன் மகள் ஜெசிந்தாவைக் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். புருஷன் இன்னாசி போன பிறகு, மக்ரூன் போடுகிற பேக்கரியில் முட்டை வெள்ளைக்கரு அடித்து அடித்துத்தான் இந்த ஒற்றைப் பிள்ளையைக் கணக்கு டீச்சர் ஆக்கியிருந்தாள். அந்த உரமேறிய கைக்குள் மகளின் கை பத்திரமாக இருந்தது.

"ஏட்டி, மெதுவா வா. பள்ளம் கெடக்கு."

"எம்மா, எனக்கு இந்த வழி பாடமாயிட்டு. துணி கட்டாத நீதான் விழப் போற."

"வாயப் பாரு! இந்த வாய மதினிகிட்டக் காட்டிராத. மூணு முடிச்சு விழுத வரைக்கும் பொத்திக்கிட்டு இரு."

மதினி என்றது செலினை. செலினின் மகன் ரெமிஜியுஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போன வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் பேச்சு வந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. செலின் நல்ல மாதிரிதான், ஆனால் ஒரே ஒரு சொல்லில் நின்றாள். "எம்பிள்ளைக்கு ஐநூத்தி அம்பத்திரெண்டு மதினி. ஒங்க பிள்ளைக்கும் நாப்பதுக்கு மேல இருந்துட்டா ஓலையில சேத்து வாசிச்சிரலாம்."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அறிவிப்பு வாசிக்கிறதைத்தான் அங்கே ஓலை என்பார்கள். இன்னார் மகன், இன்னார் மகள், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். இப்போது பேரோடு மைக்ரானும் வாசித்தாக வேண்டும் என்று ஜனங்களே கேட்டு வாங்கியிருந்தார்கள். எண் வாசிக்காத ஓலைக்கு ஊர் என்னென்ன பேசும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கேதான் பிலோமி மாட்டிக்கொண்டாள். ஏனென்றால் ஜெசிந்தாவின் எண் அவளுக்குத் தெரியும்.

சம்பந்தப் பேச்சு வருவதற்குச் சில மாதம் முன்னால் ஜெசிந்தாவுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் ஆவுடையப்பனிடம் கூட்டிப் போனாள். மாடியில் சின்னக் கிளினிக், பழைய மனிதர். பரிசோதனை முடிந்து ஜெசிந்தா வெளியே மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவர் பிலோமியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"பாருங்கம்மா, கண்ணுக்குள்ள எப்பவும் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடியிறது கொறைஞ்சா அழுத்தம் ஏறும். ஏறுனா பின்னால இருக்கிற நரம்பு நசுங்கும். வலிக்காது. ஓரத்துலேருந்து பார்வை கொஞ்சங் கொஞ்சமாப் போகும். ஆளுக்கே தெரியாது."

"எம்பிள்ளைக்கு நல்லாத் தெரியுதே டாக்டரய்யா? ஊசியில நூல் கோக்குதாளே?"

"கடைசி வரைக்கும் நடுவுல தெரியும். அதுதான் வம்பு. இப்ப மிஷின் அழுத்தம் இருபதுன்னு காட்டுது. ஆனா இந்தப் பிள்ளைக்குப் படலம் மெலிசு. நானூத்தித் தொண்ணூத்தெட்டுதான். மெலிசா இருந்தா லேசாத் தொட்டாலே அமுங்கிரும். மிஷின் ஏமாந்து கொறைச்சுக் காட்டும். உண்மையில இருபத்தஞ்சு பக்கம் இருக்கும். நாங்க இந்தத் தடிமன அளக்க ஆரம்பிச்சதே அழுத்தத்தத் திருத்திப் பாக்கத்தாம்மா. இப்ப என்னடான்னா கல்யாணத்துக்கு அளக்கானுவ."

"மெலிசுங்கிறது ஒரு நோயா டாக்டரய்யா?"

"நோயே இல்ல. ஒவ்வொருத்தருக்குச் செருப்பு ஒரு சைஸ் இருக்குல்லா, அப்படித்தான். ஆனா அழுத்தம் இருக்கு. சொட்டு மருந்து எழுதுதேன். ஆறு மாசத்துக்கு ஒருக்காக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க."

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் பிலோமியின் காதில் ஏறவில்லை. நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்ற ஒன்று மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த எண் இவருடைய கணினியில் ஏறினால் எங்கெங்கே போகும் என்று பயந்து, இந்த ஒரு தடவை ஏற்ற வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினாள். மருந்துச் சீட்டை மடித்துப் பர்சில் வைத்தாள். அப்புறம் அந்த மாடிப்படி பக்கம் போகவே இல்லை. மகளிடம், "ஒண்ணுமில்லட்டி, வெயிலுக்குத் தலைவலி. கண்ணாடி கூட வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டாள்.

சம்பந்தம் பேசி முடித்ததும் அவள் வாங்கியது வேறு சொட்டு. மெடிக்கல் ஷாப்பில் வீங்கு சொட்டு என்று கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவார்கள். படுக்கும்போது விட்டால் படலம் தண்ணீர் பிடித்து உப்பும். நாள்பட விட்டால் நாற்பது ஐம்பது மைக்ரான் கூடும். ஊரில் பாதி வீட்டில் அது இருந்தது. இல்லை என்று சத்தியம் செய்கிற வீடுகளிலும் இருந்தது. விடுகிறவர்களுக்குக் காலையில் பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், வாசல் நிலையில் இடித்துக்கொள்வார்கள். அதற்குச் சொட்டு மப்பு என்று பேர் வைத்து ஊரே சிரித்தது. யாராவது கால் தடுக்கினால், "என்ன, கல்யாணம் கூடி வருதோ?" என்று கேலி செய்வார்கள்.

ஜெசிந்தாவுக்கும் அந்த மப்பு வந்தது. முதலில் காலையில் மட்டும் வந்தது, அப்புறம் பகலிலும். வகுப்பில் ஓரத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் கை தூக்கினால் அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் எங்களை மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டன. ஒருநாள் ஸ்கூட்டரில் போனபோது பக்கவாட்டில் வந்த உப்பு லாரியைக் கடைசி வரை பார்க்கவில்லை. லாரிக்காரன் பிரேக் போட்டு இறங்கி வாய்க்கு வந்தபடி திட்டினான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"எல்லாம் சொட்டு மப்புதான் மக்கா" என்று பிலோமி அவள் தலையைத் தடவினாள். "தாலி ஏறுன அன்னைக்கே அந்தக் குப்பியத் தூக்கிக் கடல்ல போட்டுருவோம்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். மப்பு எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியுமே! தெரிந்த ஒன்று வந்தால் யார் பயப்படுவார்கள்?

மையத்தில் துணியை அவிழ்த்து ஜெசிந்தாவை மிஷின் முன்னால் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு கண்ணிலும் புஸ்ஸென்று ஒரு காற்று ஊதியது. மிஷின்காரப் பெண் திரையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"ஐநூத்தி நாப்பத்தேழு. அழுத்தம் பதினாலு. சூப்பர் கண்ணுக்கா!"

பிலோமி அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். அழுத்தமும் நன்றாக இருக்கிறதே! அந்தக் கிழட்டு டாக்டர் என்னவெல்லாமோ சொல்லிப் பயமுறுத்தினாரே! அவளுக்கு ஒரு வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வருகிற வழியில் மகளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூசையப்பர் கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். "காலஞ்சென்ற இன்னாசி, பிலோமினா இவர்களின் மகள் ஜெசிந்தா, ஐந்நூற்று நாற்பத்தேழு. லூர்து மிக்கேல், செலின் இவர்களின் மகன் ரெமிஜியுஸ், ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. இவர்கள் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கவும்." பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். முன் வரிசையிலிருந்த செலின் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ரெமி ஜெசிந்தாவின் இடது பக்கத்தில் வந்து நின்றான். பேசவில்லை, கிண்டலாகக் கையை மட்டும் நீட்டினான். அவள் பார்க்கவில்லை. கையை ஆட்டினான். அதையும் பார்க்கவில்லை. தோழிகளிடம் சிரித்துப் பேசிக்கொண்டே அவன் மேலேயே வந்து மோதினாள். "ஐயோ, மாடு மாதிரி நிக்கிய, ஒரு சத்தம் குடுக்கப்படாதா?" என்றாள். தோழிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை இப்படி வந்து நிற்கலாமா என்று பிலோமி பதறினாள்.

"அத்த, ஒரு நிமிசம். ஜெசி, இங்க எதுக்க வந்து உக்காரு. ஒரு கண்ணப் பொத்து. எம்மூக்கையே பாரு. வேற எங்கயும் பாக்கக் கூடாது. என் வெரலு தெரிஞ்சா சொல்லு."

அவன் வலது கையை முழுதாக விரித்து, தோளுக்கு வெளியேயிருந்து விரலை உள்ளே கொண்டுவந்தான். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விரல் தோளைத் தாண்டியது. "இப்ப?" "இல்ல." காதுக்கு வந்தது. "இப்ப?" "இல்ல. வெரல நீட்டவே இல்ல, ஏமாத்துதிய." விரல் கன்னத்துக்கு வந்து, மூக்கைத் தொடப் போகும்போதுதான் அவள், "ஆ, இந்தா!" என்றாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த கண்ணையும் பார்த்தான். அதற்குப் பிறகு யாருமே சிரிக்கவில்லை.

"சொட்டு மப்புதானே?" என்றாள் ஜெசிந்தா மெல்ல. சொட்டு என்ற பேச்சு மாப்பிள்ளை முன்னால் வந்துவிட்டதே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மப்புன்னா மங்கலாத் தெரியும் ஜெசி. ஒனக்குத் தெரியவே இல்ல." அவன் பிலோமி பக்கம் திரும்பினான். "அத்த, நான் கிரேன்ல உக்காரவன். ஓரப் பார்வைதான் எங்களுக்குச் சோறு. எங்களுக்கு மாசாமாசம் இந்த டெஸ்ட் உண்டு. நாளைக்கே ஒரு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போவோம்."

ஓரத்துலேருந்து பார்வை கொஞ்சங் கொஞ்சமாப் போகும். ஆவுடையப்பனின் குரல் அப்படியே பிலோமியின் காதில் கேட்டது. மகளைக் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஒங்க காலுல விழுதேன். இப்ப டாக்டர்ட்டப் போனா அவரு அளந்து கம்ப்யூட்டர்ல போட்டுருவாரு. நேரா கம்பெனிக்குப் போயிரும். ஓலையில வாசிச்ச எண்ணு பொய்யின்னு ஊரு காறித் துப்பும். ஒங்கம்மா ஒரு நிமிசம் பொறுப்பாவளா? கல்யாணம் நின்னு போச்சுன்னா அதுக்கு அப்புறம் எம்பிள்ளைய எவன் கட்டுவான்? மூணு ஓலையும் முடியட்டும். கல்யாண வாரத்துல ஒரு தடவ அளக்கணும், அது முடியட்டும். தாலி ஏறுன மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன். ஓடியா போயிரும் கண்ணு?"

ரெமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். மறுபடியும் திறந்து, "எங்கம்மாகிட்ட..." என்று இழுத்தான். அப்புறம் தலையைக் குனிந்தபடியே, "சரி அத்த, தாலி கட்டுன மறுநாள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவு சீக்கிரத்தில் அவன் இறங்கி வருவான் என்று பிலோமி நினைக்கவில்லை. அம்மாவுக்கு அடங்கின பிள்ளை என்று அப்போது அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

காபியை வைத்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள். "எம்மா, போன வருசம் அந்த டாக்டர் என்னய வெளிய உக்கார வச்சிட்டு ஒங்கிட்ட என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேம்லா. வெயில் தலைவலின்னாரு."

"வேற ஒண்ணுமே சொல்லலயா?"

"ஏட்டி, ஒங்கிட்டப் பொய் சொல்லி நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?"

ஜெசிந்தா நம்பினாள். அம்மா சொன்னால் நம்புகிற பிள்ளை அது. அன்றைக்கும் படுக்கும் முன்னால் தலையைச் சாய்த்துக் கண்ணைக் காட்டினாள், பிலோமி சொட்டு விட்டாள். விட்ட பிறகு வெகுநேரம் மகளின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நாள்தானே மாதாவே, இன்னும் கொஞ்ச நாள் மட்டும் என்று ஜெபித்தாள். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

கல்யாண வாரத்து அளவில் ஐந்நூற்று ஐம்பத்தொன்று வந்தது. அழுத்தம் பதின்மூன்று.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பீடத்துக்கு ஏறுகிற படியை ஜெசிந்தா தவறவிட்டாள், பிலோமி தாங்கிப் பிடித்தாள். வாழ்த்த வந்த மாமாமார் பக்கத்திலிருந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், மணமகள் பார்க்கவே இல்லை. "இன்னும் சொட்டு மப்பு தெளியலயோ!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. பிலோமியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

மறுநாள் போகலாம் என்றாள் அல்லவா? மறுநாள் மறுவீட்டு விருந்து வந்தது. அதற்கு மறுநாள் செலின், "காப்பீட்டு அட்டை கைக்கு வரட்டும் மதினி, அதுக்குள்ள ஆஸ்பத்திரி என்னத்துக்கு? கம்பெனிக்காரன் சந்தேகப்படுவான்" என்றாள். சம்பந்தி வீட்டில் முதல் வாரமே எதிர்த்துப் பேச முடியுமா? பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அட்டை வந்த அன்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு பேருமாக ஆவுடையப்பனின் மாடிப்படி ஏறினார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து ஏறினாள்.

சொட்டை நிறுத்தி நாளாகியிருந்ததால் படலம் பழைய அளவுக்கு வந்திருந்தது. டாக்டர் அளந்தார். திரும்ப அளந்தார். உள்ளே விளக்கு அடித்து நரம்பைப் பார்த்தார். ஜெசிந்தாவின் தலையை ஒருதரம் தொட்டுவிட்டு, பிலோமியை வெளியே வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்.

"அழுத்தம் முப்பத்தெட்டு இருக்கு."

"பதிமூணுன்னாங்களே டாக்டரய்யா! கல்யாண வாரத்துலகூட..."

"எந்தக் கண்ணுல பாத்தாங்க? வீங்க வச்ச கண்ணுல. தண்ணி பிடிச்ச படலம் சொதசொதன்னு இருக்கும்மா. காத்து பட்டதும் அமுங்கிரும். அதுலயே மிஷின் கொறைச்சுக் காட்டும். அது போதாதுன்னு, தடிமனான கண்ணுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் கழிச்சிரும். அந்தச் சொட்டுக்கே அழுத்தத்த ஏத்துற குணம் வேற இருக்கு. ஏற்கெனவே அழுத்தம் இருந்த கண்ணுல போயி அத விட்டிருக்கீங்க. எடது கண்ணுல ஒண்ணும் மிச்சமில்ல. வலது கண்ணுல நடுவுல மட்டும், ஒரு குழாய் வழியாப் பாக்குற அளவுக்கு இருக்கு. ஒடனே ஆபரேஷன் பண்ணி அதையாவது காப்பாத்தப் பாப்போம். போனது திரும்பாது."

"மூணு ஓலைக்கு முந்தியே வந்திருந்தா..." என்று தொடங்கினாள் பிலோமி. "அப்பவே வந்திருந்தா எடது கண்ணு கொஞ்சம் மிஞ்சியிருக்குமா டாக்டரய்யா?"

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதக் கேக்காதீங்கம்மா" என்றார். "மாப்பிள்ளையையும் ஒருக்காப் பாத்துருதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வராந்தாவின் அந்தக் கோடிப் பெஞ்சில் செலின் உட்கார்ந்திருந்தாள். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மக்களின் உடல்நலம் நாடு முழுக்க உயர்ந்துவிட்டதாம், சராசரி தடிமன் கூடிவிட்டதாம், அதனால் அடுத்த வருஷம் முதல் தகுதி எண் ஐந்நூற்று அறுபதாம். வாசிக்கிற பெண் மலர்ந்த முகத்தோடு சொன்னாள். பிலோமி அதைக் கேட்டாளா இல்லையா தெரியாது. செலினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இனி மறைத்து என்ன?

"மதினி, என்னய என்ன வேணா ஏசுங்க. எம்பிள்ளைக்கு ஐநூத்தி நாப்பத்தேழு இல்ல. நானூத்தித் தொண்ணூத்தெட்டு. ஒங்களுக்குப் பயந்துதான் சொட்டு விட்டேன். கண்ணுல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சும் விட்டேன். நீங்க சம்பந்தத்த முறிச்சிருவியளோன்னு..."

ஏச்சு வரும் என்று காத்திருந்தாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். செலின் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் அவள் தோள் குலுங்குவது பிலோமிக்குத் தெரிந்தது.

"நானூத்தித் தொண்ணூத்தொண்ணு" என்றாள் செலின்.

"தொண்ணூத்தெட்டு மதினி."

"ஒங்க பிள்ளைக்கு இல்ல. எம்பிள்ளைக்கு."

பிலோமிக்கு முதலில் விளங்கவில்லை.

"நானுந்தான் சொட்டு விட்டு, துணியக் கட்டிக் கூட்டிட்டுப் போனேன். இங்க போனா ஒங்க கண்ணுல பட்டுருவோமேன்னு திருச்செந்தூர் மையத்துக்கு, பஸ்ஸுல. அவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான், ஒள்ளதச் சொல்லிருவோம்மான்னான். நாந்தான் செத்துருவேன்னு மெரட்டி வச்சிருந்தேன். ஒங்க பிள்ளைக்கு நல்ல எண்ணு இருக்கு, இவன் எண்ணு தெரிஞ்சா பொண்ணு தர மாட்டியளேன்னு பயந்தேன் மதினி."

அந்த நேரம் பார்த்து டாக்டர் தலையை நீட்டினார். "மாப்பிள்ளை கண்ணு மெலிசுதான், ஆனா அழுத்தம் பதினஞ்சு. நரம்பு அருமையா இருக்கு. ஒரு கொறையும் கெடையாது. நீங்க ரெண்டு பேரும் வரலாம்."

ஒரு குறையும் இல்லையாம். இவர்கள் ஊரைக் கூட்டி மறைத்த எண்ணில் ஒரு குறையும் இல்லையாம். செலின் நெற்றியைப் பெஞ்சின் கைப்பிடியில் முட்டிக்கொண்டு அழுதாள். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்று பிலோமி சொல்ல வந்தாள். அதையே செலினும் திருப்பிக் கேட்கலாமே என்று விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

ஜெசிந்தா பரிசோதனை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். போன வருஷம் அம்மாவிடம் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. ரெமி அவளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் தன் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தான். பிலோமியைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினான்.

பிலோமி மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு முழம்கூட இல்லை, சேலை நாற்காலியில் உரசியது. ஆனால் ஜெசிந்தா நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை. இனி இப்படித்தான் என்பது பிலோமிக்குச் சட்டென்று உறைத்தது. பக்கத்தில் நிற்கிற யாரும் இனி இந்தப் பிள்ளைக்கு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் நேர் எதிரே வந்து, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். அவளால் அது முடியவில்லை. தெரியாத அந்த ஓரத்திலேயே நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எம்மா."

பிலோமி அரை எட்டு பின்வாங்கினாள்.

"வந்துட்டன்னு தெரியும். ஒம்மேல மக்ரூன் வாசம் அடிக்கு." ஜெசிந்தாவின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. வகுப்பில் பாடம் ஆரம்பிக்கும் முன்னால் பிள்ளைகளை அமரச் சொல்கிற குரல் மாதிரி இருந்தது. "அங்க நின்னா எனக்குத் தெரியாதும்மா. முன்னால வா. நான் ஒன் மொகத்தப் பாக்கணும்."

பிலோமி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு வைத்தாள். மகளுக்கு நேர் எதிரே போய் நின்று, தலையை நிமிர்த்தினாள்.